நான் கைவைத்த அமைவுக் கோப்புகளை மட்டும் எப்படிக் கண்டுபிடித்துச் சேமிப்பது?

கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். குறைந்த நினைவகம் கொண்ட கணினி ஒன்றில் எடை குறைந்த லினக்ஸ் வழங்கல் (டிஸ்ட்ரிபியூஷன்) ஒன்றை நிறுவியிருக்கிறீர்கள். பல மாதங்களாக அங்கொன்றும் இங்கொன்றுமாக அமைவுக் கோப்புகளைத் திருத்தி வந்திருக்கிறீர்கள். எதையெல்லாம் திருத்தினோம் என்பது இப்போது நினைவில் இல்லை. முழு வட்டையும் படியெடுக்க இடமில்லை. திருத்திய கோப்புகளை மட்டும் பிரித்தெடுத்துச் சேமிக்க வேண்டும், கணினி பழுதானால் புதிதாக நிறுவி அவற்றைத் திரும்ப வைத்துவிட வேண்டும். இதற்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன. இதுவரை மாற்றியவை எவை? இனி மாற்றப்போவதை எப்படிப் பதிவு செய்வது? சேமித்ததைப் புதிய நிறுவலில் எப்படிச் சேர்ப்பது? எல்லோரும் இரண்டாவதற்கு ஒரு கருவியைத் தேடி நிறுவிவிட்டு நிம்மதி அடைகிறார்கள். உண்மையான சிக்கல் மூன்றாவதில்தான் வரும். எந்த வழங்கல் என்று நீங்கள் குறிப்பிடாததால் குடும்பவாரியாகச் சொல்கிறேன். கட்டளைப் பெயர்களை ஒலிப்புப்படி எழுதுகிறேன். முனையத்தில் அவற்றின் வழக்கமான எழுத்துகளில் தட்டிக்கொள்ளுங்கள்.

பல ஆண்டுகளாகச் சிறு கணினிகளையும் ரவுட்டர்களையும் பராமரித்து வருகிறேன். இந்த வேலையை எந்தக் கணினியில் தொடங்கினாலும் நான் முதலில் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: இந்தக் கணினியில் மூலக் கோப்புகள் எங்கே இருக்கின்றன? 'மாற்றப்பட்டது' என்று சொல்ல வேண்டுமென்றால் எதிலிருந்து மாற்றப்பட்டது என்று தெரிய வேண்டும். சில வழங்கல்களில் மூலம் வாசிப்பு மட்டுமே செய்யக்கூடிய ஒரு படிமமாக அப்படியே இருக்கும். சிலவற்றில் மூலத்தின் சரிபார்ப்புத் தொகை, அதாவது கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிட்ட அடையாள எண் மட்டும், மென்பொருள்களை (பேக்கேஜ்களை) நிறுவி நீக்கும் பேக்கேஜ் மேலாளரின் பதிவேட்டில் இருக்கும். சில கோப்புகளுக்கு எங்கேயும் மூலம் இருக்காது. அவை நிறுவும்போது உங்களுக்காகவே உருவாக்கப்பட்டவை. இந்த மூன்றையும் பிரித்துப் பார்த்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

எளிதானவற்றிலிருந்து தொடங்குகிறேன். ஓப்பன்டபிள்யுஆர்டி போன்ற ரவுட்டர் வழங்கல்களில் மூலப் படிமம் 'ரோம்' என்ற கோப்புறையில் தெரியும். நீங்கள் செய்த மாற்றங்கள் அதன்மேல் விரிக்கப்பட்ட இன்னொரு அடுக்கில் உட்காரும். 'ஓவர்லே' கோப்புறைக்குள் 'அப்பர்' என்ற உட்கோப்புறையைத் திறந்தால் நீங்கள் தொட்டவையும், நீங்கள் நிறுவிய மென்பொருள்களும், கணினி இயங்கும்போது தானாக எழுதியவையும் கண்முன்னே கிடக்கும். ரோம் கோப்புறையில் உள்ள மூலத்தையும் இப்போதுள்ள கோப்பையும் 'டிஃப்' கட்டளையால் ஒப்பிட்டால் எந்த வரியில் கைவைத்தீர்கள் என்பதுவரை தெரிந்துவிடும். 'சிஸ்அப்கிரேட்' கட்டளைக்குச் சிறிய 'எல்' விருப்பத்தைக் கொடுத்தால் காப்பில் (பேக்கப்) சேரப்போகும் கோப்புகளின் பட்டியல் வரும். சிறிய 'பி' கொடுத்தால் காப்பு உருவாகும். அந்தப் பட்டியலில் விடுபட்டதை, கணினி முழுவதற்குமான அமைவுக் கோப்புகள் இருக்கும் ஈடிசி கோப்புறையில் உள்ள 'சிஸ்அப்கிரேட் டாட் கான்ஃப்' கோப்பில் வரிக்கு ஒன்றாகச் சேர்த்துவிடுங்கள். பட்டியலைப் பார்க்காமலேயே காப்பை நம்புகிறவர்கள் அதிகம். ரூட் பயனரின், அதாவது எல்லா உரிமையும் உள்ள நிர்வாகியின் கோப்புறையில் எழுதி வைத்த சிறு நிரல்கள் அப்படித்தான் காணாமல் போகின்றன.

ஆல்பைன் லினக்ஸை வட்டில்லா முறையில், அதாவது எல்லாம் நினைவகத்தில் ஓடும்படி வைத்திருந்தால், 'எல்பியு' என்ற கருவி இந்த வேலைக்கென்றே இருக்கிறது. 'எல்பியு ஸ்டேட்டஸ்' என்றால் கடைசியாகச் சேமித்த பிறகு மாறியவை தெரியும். 'எல்பியு கமிட்' என்றால் கணினியின் பெயரோடு 'ஏபிகேஓவிஎல்' என்ற சொல்லும் சேர்ந்த பெயருள்ள ஒரு சுருக்கிய கோப்பில் அவை சேமிக்கப்படும். அடுத்த தொடக்கத்தில் அந்தக் கோப்பு தானாகப் பிரிக்கப்படும். இயல்பாக அது கவனிப்பது ஈடிசியை மட்டுமே. வீட்டுக் கோப்புறையோ ரூட் கோப்புறையோ வேண்டுமென்றால் 'எல்பியு இன்க்ளூட்' கட்டளையால் நீங்களே சேர்க்க வேண்டும். பழைய காப்புகள் சில இருக்கட்டும் என்றால் 'எல்பியு டாட் கான்ஃப்' கோப்பில் 'பேக்கப் லிமிட்' என்ற மதிப்பைத் தந்துவிடுங்கள். தவறான ஒரு மாற்றத்தைச் சேமித்துவிட்டு அதனால் கணினியே எழாமல் போகும் நாளில் முந்தைய காப்பு ஒன்று கையில் இருக்க வேண்டும். ஆல்பைனை வட்டில் வழக்கம்போல் நிறுவியிருந்தாலும் 'ஏபிகே ஆடிட்' கட்டளை மாற்றப்பட்ட அமைவுக் கோப்புகளைக் காட்டும்.

டைனி கோரின் நிலை இதற்கு நேர் எதிர். அங்கே எது மாறியது என்று கணினி உங்களிடம் சொல்லாது. எதைச் சேமிக்க வேண்டும் என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஓப்ட் கோப்புறையில் புள்ளியில் தொடங்கும் 'ஃபைல்டூல் டாட் எல்எஸ்டி' என்ற பட்டியலில் இருப்பவை மட்டுமே 'மைடேட்டா' என்ற காப்புக் கோப்புக்குள் போகும். ஓப்ட், ஹோம் இரண்டும் அதில் ஏற்கெனவே இருக்கும், ஆனால் ஈடிசி முழுமையாக இருக்காது. கடவுச்சொல்லை மாற்றி, மறுதொடக்கம் செய்ததும் பழைய நிலைக்கே திரும்பிவிட்டதென்றால் காரணம் இதுதான். பட்டியலில் பாதையை எழுதும்போது முதல் சாய்கோட்டை விட்டுவிட்டு எழுத வேண்டும். விலக்க வேண்டியவற்றுக்கு, பெயரில் 'எக்ஸ்' என்ற எழுத்து கூடுதலாகச் சேர்ந்த இன்னொரு பட்டியல் உண்டு. உலாவியின் தற்காலிகக் கோப்புகளை அதில் சேர்க்காமல் விட்டால் காப்புக் கோப்பு வீங்கிக்கொண்டே போகும், கணினி எழுவதும் நிற்பதும் நாளுக்கு நாள் மெதுவாகும்.

இனி டெபியன் குடும்பத்துக்கு வருகிறேன். ஆண்டிஎக்ஸ், ராஸ்பெரி பை ஓஎஸ், லுபுண்டு எல்லாம் இந்தக் குடும்பம்தான். உங்களுடையதும் இதில் ஒன்றாக இருக்க வாய்ப்பு அதிகம் என்பதால் இங்கே சற்று நின்று பேச வேண்டும். ஒவ்வொரு பேக்கேஜும் நிறுவப்படும்போது அதன் அமைவுக் கோப்புகளின் எம்டி5 என்ற வகைச் சரிபார்ப்புத் தொகை, டெபியனின் பேக்கேஜ் மேலாளரான டிபிகேஜியின் பதிவேட்டில் எழுதப்படுகிறது. ஆகவே 'டிபிகேஜி வெரிஃபை' என்று கேட்டால் கணினி தன்னைத் தானே ஒப்பிட்டுச் சொல்லும். விடையாக வரும் ஒவ்வொரு வரியையும் வாசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் கேள்விக்குறிகள் வரிசையாக இருக்கும். சோதிக்கவில்லை என்பது அதன் பொருள். மூன்றாவது இடத்தில் 5 என்ற எண் இருந்தால் உள்ளடக்கத்தின் எம்டி5 தொகை மாறிவிட்டது. அதற்குப் பின் தனியாக நிற்கும் 'சி' என்ற எழுத்து, இது அமைவுக் கோப்பு என்று சொல்கிறது. பிறகு கோப்பின் முழுப் பாதை. 'சி' இல்லாமல் 5 மட்டும் இருந்தால் அமைவுக் கோப்பல்லாத ஒன்று மாறியிருக்கிறது. அதை நீங்கள் மாற்றவில்லை என்றால் வட்டு பழுதடைகிறதா என்று பார்க்க வேண்டும். அமைவுக் கோப்புகள் மட்டும் போதும் என்றால் 'டெப்சம்ஸ்' என்ற சிறு கருவியை நிறுவி, 'சி', 'ஈ' ஆகிய இரு விருப்பங்களோடு ஓட்டினால் சுத்தமான பட்டியல் கிடைக்கும்.

இந்தப் பட்டியல் உண்மையானது. ஆனால் முழுமையானது என்று நம்பிவிடாதீர்கள். டெபியனில் சில முக்கியக் கோப்புகள் பேக்கேஜின் அமைவுக் கோப்புகளாகப் பதிவாகாமல், 'யுசிஎஃப்' என்ற வேறொரு ஏற்பாட்டின் கீழ் நிறுவலின்போது உருவாக்கப்படுகின்றன. தொலைவிலிருந்து நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச் சேவையகத்தின் அமைவுக் கோப்பும், கணினியைத் தொடக்கும் கிரப்புக்காக டிஃபால்ட் கோப்புறையில் உள்ள கோப்பும் அப்படிப்பட்டவை. இவை இரண்டும் எல்லோரும் கைவைக்கும் கோப்புகள் என்பதுதான் வேதனை. டிபிகேஜி அவற்றைப் பற்றி வாய் திறக்காது. அவற்றின் தொகைகள் வார் கோப்புறைக்குள் லிப், அதற்குள் யுசிஎஃப் கோப்புறையில் 'ஹாஷ்ஃபைல்' என்ற கோப்பில் இருக்கின்றன. எம்டி5 தொகையைக் கணக்கிட்டு அதனோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். இதைத் தவிர, வட்டுப் பகிர்வுகளின் பட்டியலான எஃப்எஸ்டேப், கணினியின் பெயர், பிணைய அமைவு, விசைப்பலகை அமைவு போன்ற பலவற்றை நிறுவும் நிரல் உங்கள் விடைகளை வைத்து எழுதியிருக்கும். அவற்றுக்கு ஒப்பிடக்கூடிய மூலமே கிடையாது.

ஆகவே இரண்டாவது வலை ஒன்று வேண்டும்: எந்தப் பேக்கேஜுக்கும் சொந்தமில்லாத கோப்புகள் ஈடிசியில் எவை? இதற்குத் தனிக் கருவி தேவையில்லை. 'ஃபைண்ட்' கட்டளையால் ஈடிசியில் உள்ள எல்லாக் கோப்புகளையும் பட்டியலிட்டு வரிசைப்படுத்துங்கள். டிபிகேஜியின் தகவல் கோப்புறையில் 'லிஸ்ட்' என்று முடியும் கோப்புகளை ஒன்றாக்கி அதையும் வரிசைப்படுத்துங்கள். 'காம்' கட்டளையிடம் இரண்டையும் கொடுத்து, முதல் பட்டியலில் மட்டும் இருப்பதைக் கேளுங்கள். வரும் பட்டியல் நீளமாக இருக்கும். சான்றிதழ் இணைப்புகளும் சேவைத் தொடக்க இணைப்புகளும் கலந்து வரும். குறியீட்டு இணைப்புகளை (வேறொரு கோப்பைச் சுட்டுபவை) ஒதுக்கி, சாதாரணக் கோப்புகளை மட்டும் கேட்டால் பட்டியல் பாதிக்குமேல் மெலிந்துவிடும். மீதியை ஒருமுறை கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். அந்த அரை மணி நேரத்தைச் செலவிடுங்கள் என்பதே என் வேண்டுகோள். நீங்கள் புதிதாக உருவாக்கி மறந்துபோன கோப்புகள் எல்லாம் இந்தப் பட்டியலில்தான் ஒளிந்திருக்கும்.

மூன்றாவது வலை நேரமுத்திரை. பேக்கேஜிலிருந்து பிரிக்கப்படும் கோப்பு அது தயாரிக்கப்பட்ட நாளின் தேதியையே தாங்கி நிற்கும். நீங்கள் திருத்தினால் திருத்திய நாளின் தேதி ஏறும். எனவே நிறுவிய நாளில் உருவான ஏதேனும் ஒரு கோப்பை ஆதாரமாக வைத்து, அதைவிடப் புதியவற்றை ஃபைண்ட் கட்டளையின் 'நியூவர்' விருப்பத்தால் கேட்கலாம். இது விரைவான வழி, எல்லா வழங்கல்களிலும் ஓடும். ஆனால் இதை நான் தடயமாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன். தேதியைக் காத்து நகலெடுத்த கோப்பு பழையதாகவே தெரியும். யாரும் தொடாத கோப்பைக் கணினி தானாகத் திரும்ப எழுதினால் அது புதியதாகத் தெரியும். முதல் இரு வலைகளிலும் சிக்காத ஏதேனும் இதில் அகப்பட்டால் அதை எடுத்துப் பாருங்கள். மற்றபடி இதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

மற்றக் குடும்பங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஆர்ச் குடும்பத்தில் 'பேக்மேன்' கட்டளைக்குப் பெரிய 'கியூ'வும் இரண்டு சிறிய 'ஐ'யும் கொடுத்தால் ஒவ்வொரு பேக்கேஜின் அமைவுக் கோப்புகளும் (ஆர்ச் அவற்றைக் காப்புக் கோப்புகள் என்கிறது) மாற்றப்பட்டவையா இல்லையா என்ற குறிப்போடு வரும். ஃபெடோரா போன்ற ஆர்பிஎம் குடும்பத்தில் 'ஆர்பிஎம்' கட்டளைக்குக் கொடுக்கும் பெரிய 'வி'யும் சிறிய 'ஏ'யும் டெபியனின் விடையைப் போலவே ஒரு பட்டியலைத் தரும், அங்கேயும் அமைவுக் கோப்புக்கு 'சி' என்பதுதான் அடையாளம். பப்பி லினக்ஸை நேரடியாக ஓட்டிச் சேமிப்புக் கோப்பு வைத்திருந்தால் உங்கள் மாற்றங்கள் எல்லாம் அந்தச் சேமிப்பில் ஏற்கெனவே தனியாகத்தான் இருக்கின்றன. கணினி ஓடாதபோது அதை அப்படியே நகலெடுத்தால் போதும்.

ஈடிசியோடு நின்றுவிடாதீர்கள். குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் கிரான் அட்டவணைகள் வார் கோப்புறைக்குள் ஸ்பூல் பகுதியில் இருக்கும். நீங்களே எழுதிய நிரல்கள் யுஎஸ்ஆர் லோக்கலில் இருக்கும். ராஸ்பெரி பையில் வன்பொருள் அமைவான 'கான்ஃபிக் டாட் டெக்ஸ்ட்' பூட் பகிர்வில் இருக்கும். டெபியன் 12-ஐ அடிப்படையாகக் கொண்ட பதிப்பிலிருந்து அது பூட் கோப்புறைக்குள் 'ஃபர்ம்வேர்' என்ற உட்கோப்புறைக்கு மாறிவிட்டது. இவற்றோடு இன்னொன்றையும் கட்டாயம் சேமியுங்கள்: நீங்களாக விரும்பி நிறுவிய பேக்கேஜ்களின் பட்டியல். டெபியனில் 'ஏபிடி மார்க் ஷோமேன்யுவல்', ஆர்ச்சில் பேக்மேனுக்குப் பெரிய 'கியூ', சிறிய 'கியூ', சிறிய 'ஈ' என்ற மூன்று எழுத்துகள், ஆல்பைனில் ஈடிசியின் ஏபிகே கோப்புறையில் உள்ள 'வேர்ல்ட்' கோப்பு. மென்பொருளே இல்லாத கணினியில் அதன் அமைவுக் கோப்பை மட்டும் வைத்து என்ன செய்வது?

வீட்டுக் கோப்புறையில் ஒப்பீடு செய்யவே முடியாது. பேக்கேஜ் மேலாளர் அங்கே எட்டிப் பார்ப்பதில்லை. புள்ளியில் தொடங்கும் 'கான்ஃபிக்' கோப்புறைதான் இப்போதைய மென்பொருள்கள் பெரும்பாலும் எழுதுமிடம். 'கேஷ்' கோப்புறையைத் தயங்காமல் விட்டுவிடலாம். 'லோக்கல்' கோப்புறைக்குள் 'ஷேர்' பகுதியில் அமைவும் தரவும் கலந்து கிடக்கும், அதைப் பார்த்துத்தான் பொறுக்க வேண்டும். ஓப்பன்பாக்ஸ் என்ற சாளர மேலாளரை வைத்திருந்தால் அதன் இரண்டு எக்ஸ்எம்எல் கோப்புகளும் தன்னியக்கத் தொடக்கக் கோப்பும் போதும். எக்ஸ்எஃப்சிஇ திரைச்சூழல் தன் அமைவை எக்ஸ்எம்எல் கோப்புகளில்தான் எழுதுகிறது. ஆனால் திரைச்சூழல் ஓடிக்கொண்டிருக்கும்போது பழைய கோப்புகளை அங்கே திரும்ப வைத்தால் பின்னணியில் ஓடும் நிரல் தன்னிடம் உள்ள மதிப்புகளை மேலே எழுதிவிடும். வரைகலைச் சூழலுக்குள் நுழையாமல், உரை முனையத்திலிருந்து வைக்க வேண்டும். 'டிகான்ஃப்' பயன்படுத்தும் மென்பொருள்கள் எல்லா அமைவையும் ஒரே இருமக் கோப்பில் திணித்து வைக்கும். அந்தக் கோப்பை நகலெடுத்தால் என்ன மாறியது என்று படிக்க முடியாது. 'டிகான்ஃப் டம்ப்' கட்டளையால் உரையாக்கிச் சேமியுங்கள். உலாவியின் கோப்புறையை அமைவுக் கோப்பாக எண்ணவே வேண்டாம். அது தரவுத்தளங்களின் கூட்டம், உலாவி திறந்திருக்கும்போது எடுத்த நகல் முரண்பட்டுப் போகலாம்.

இதுவரை செய்ததைக் கண்டுபிடிப்பது ஒருமுறை வேலை. இனிமேல் இந்தத் தேடலே தேவைப்படாதபடி திருத்துவது பழக்கம். அதில் மிகுந்த பலன் தருவது, மூலக் கோப்பைத் தொடாமல் துணைக் கோப்பில் எழுதுவது. புள்ளி 'டி' என்று முடியும் கோப்புறைகளைப் பார்த்திருப்பீர்கள். அவை இதற்காகத்தான் இருக்கின்றன. தொடுதளத்தின் நடத்தையை மாற்ற வேண்டுமா? எக்ஸ்11 கோப்புறையின் 'எக்ஸ்ஓஆர்ஜி டாட் கான்ஃப் டாட் டி'யில் உங்கள் பெயரிட்ட சிறு கோப்பில் ஐந்தாறு வரிகள் எழுதினால் போதும். பின்னணிச் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் சேவை ஒன்றை மாற்ற 'சிஸ்டம்சிடிஎல் எடிட்' கட்டளை தானாகவே அப்படியொரு துணைக் கோப்பை உருவாக்கும். 'சிஸ்டம்டி டெல்டா' கட்டளை எல்லா மேலெழுதல்களையும் ஒரே இடத்தில் காட்டும். இப்படிச் செய்தால் மாற்றம் வேறு, மூலம் வேறு என்று தாமாகவே பிரிந்து நிற்கும். புதுப்பிக்கும்போது 'உங்கள் கோப்பை வைத்துக்கொள்ளவா, புதியதை எழுதவா' என்ற கேள்வியும் வராது. ஒரு நுணுக்கம் மட்டும் மறக்கக்கூடாது: எந்தக் கோப்பு வெல்லும் என்பது மென்பொருளுக்கு மென்பொருள் மாறும். கர்னல் மதிப்புகளுக்கான சிஸ்சிடிஎல் அமைவில் பெயர் வரிசையில் பின்னால் வருவது வெல்லும். எஸ்எஸ்ஹெச் சேவையகத்தில் முதலில் வந்த மதிப்பே நிற்கும். துணைக் கோப்பின் பெயருக்கு முன் 99 என்று எண்ணிட்டுவிட்டு வேலை செய்யவில்லையே என்று தேடுகிறவர்கள் இதை முதலில் பார்க்க வேண்டும்.

துணைக் கோப்பு வசதி இல்லாதவற்றுக்கு, திருத்தும் முன் மூலத்தை நகலெடுத்துவிடுங்கள். அந்த நகலை அதே கோப்புறையில் வைக்காமல் வேறிடத்தில் வையுங்கள். சில கோப்புறைகளில் உள்ள எல்லாக் கோப்புகளையும் பெயர் பார்க்காமல் படிக்கும் மென்பொருள்கள் உண்டு. டெபியனில் என்ஜின்எக்ஸ் இணையச் சேவையகத்தின் 'சைட்ஸ் எனேபிள்டு' கோப்புறை அப்படிப்பட்டது. அங்கே விட்ட பழைய நகலும் சேர்ந்தே ஓடும். ஏற்கெனவே மூலத்தை இழந்துவிட்டீர்கள் என்றால் கவலை வேண்டாம். 'ஏபிடி கெட் டவுன்லோடு' கட்டளையால் பேக்கேஜை மட்டும் இறக்கி, 'டிபிகேஜி டெப்' கட்டளையின் 'எக்ஸ்' விருப்பத்தால் தற்காலிகக் கோப்புறையில் பிரித்தால் மூலக் கோப்பு கையில் கிடைக்கும்.

ஈடிசி முழுவதையும் கிட் என்ற, மாற்ற வரலாற்றைப் பதிவு செய்யும் மென்பொருளின் கட்டுப்பாட்டில் வைக்கும் 'ஈடிசிகீப்பர்' கருவியை நீங்கள் கேள்விப்பட்டிருக்கலாம். ஜோய் ஹெஸ் எழுதியது. பேக்கேஜ் நிறுவலுக்கு முன்னும் பின்னும் தானாகவே நிலையைப் பதிவு செய்துவிடும். இதனால் நீங்கள் செய்த மாற்றம் வேறு, புதுப்பித்தல் செய்த மாற்றம் வேறு என்று வரலாற்றில் பிரிந்து தெரியும். கிட் தன்னளவில் கோப்பின் உரிமையாளரையும் அனுமதிகளையும் நினைவில் வைப்பதில்லை, இயக்கலாமா என்ற ஒரே ஒரு குறியைத் தவிர. ஈடிசிகீப்பர் அந்தத் தகவலைத் தனிக் கோப்பில் எழுதி இந்தக் குறையைச் சரிக்கட்டுகிறது. இடம் கிடைத்தால் நிறுவுங்கள். கிட் நிறுவவே இடமில்லாத கணினி என்றால், கோப்புப் பாதைகளை வரிக்கு ஒன்றாக எழுதிய ஒரு பட்டியலும், அந்தப் பட்டியலைப் படித்து மூட்டை கட்டும் ஒரு 'டார்' கட்டளையும் போதும். பெரிய 'டி' விருப்பம் அந்தப் பட்டியலைப் படிக்கும். ஒவ்வொரு பாதைக்கும் பக்கத்தில் ஏன் மாற்றினோம் என்று இன்னொரு கோப்பில் ஒரு வரி எழுதுங்கள். எதை மாற்றினோம் என்பதைக் கருவி சொல்லும், ஏன் என்பதை எந்தக் கருவியும் சொல்லாது.

அனுமதிகளைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். விண்டோஸுக்கான வடிவமைப்பில் உள்ள யுஎஸ்பி குச்சியில் கோப்புகளைத் தனித்தனியாக நகலெடுத்தால் உரிமையாளரும் அனுமதியும் அங்கேயே தொலைந்துவிடும். திரும்ப வைக்கும்போது, ரூட் உரிமையோடு கட்டளைகளை ஓட்டும் சூடோவின் அமைவுக் கோப்பின் உரிமையாளர் மாறியிருந்தால் சூடோ வேலை செய்ய மறுக்கும். எஸ்எஸ்ஹெச்சின் ரகசியச் சாவி எல்லோரும் படிக்கும்படி இருந்தால் அந்தச் சாவியை அது ஏற்காது. ஆகவே எப்போதும் டார் மூட்டையாகவே எடுத்துச் செல்லுங்கள், ரூட் உரிமையோடு கட்டி ரூட் உரிமையோடு பிரியுங்கள். மூட்டைக்குள் என்ன இருக்கிறது என்பதையும் எண்ணிப் பாருங்கள்: கடவுச்சொல் சுருக்கங்கள், வைஃபை கடவுச்சொற்கள், சேவையகச் சாவிகள். பொதுவில் தெரியும் கிட் தளத்தில் இதை ஏற்றுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். வீட்டுக்கு வெளியே வைப்பதானால் ஜிபிஜி கொண்டு குறியாக்கம் செய்து வையுங்கள், குறியாக்கச் சாவியை அதே மூட்டைக்குள் பூட்டிவிடாதீர்கள்.

தானாக மாறும் கோப்புகளை விலக்காவிட்டால் பட்டியல் நாளடைவில் பயனற்றுப்போகும். பெயர்த்தீர்வுக் கோப்பான 'ரிசால்வ் டாட் கான்ஃப்', நூலகத் தேக்ககமான 'எல்டி டாட் எஸ்ஓ டாட் கேஷ்', கடிகாரத் திருத்தக் கோப்பு, கடவுச்சொல் கோப்பின் கழித்தல் குறியிட்ட பழைய நகல் ஆகியவற்றை நான் எடுத்த எடுப்பிலேயே விலக்கிவிடுவேன். ரிசால்வ் டாட் கான்ஃபை நீங்களே கையால் எழுதியிருந்தால் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது மூன்றாவது கேள்வி. சேமித்த ஈடிசியை அப்படியே புதிய நிறுவலின்மேல் கொட்டிவிடலாமா? அதே பதிப்பு, அதே வட்டு, அதே பேக்கேஜ்கள் என்றால் பெரும்பாலும் ஓடும். அதற்கு வெளியே, செய்யாதீர்கள் என்று உறுதியாகச் சொல்வேன். பகிர்வை மறுபடி வடிவமைத்தால் அதன் அடையாள எண்ணான யுயுஐடி மாறிவிடும். பழைய எஃப்எஸ்டேப் இல்லாத பகிர்வைத் தேடும், சிஸ்டம்டி இயல்பாக 90 விநாடி காத்திருந்துவிட்டு அவசர நிலையில் நிற்கும். கடவுச்சொல் கோப்பும் குழுக் கோப்பும் இதைவிட நயவஞ்சகமானவை. டெபியனில் சேவைகளுக்கான பயனர் எண்கள் 100 முதல் 999 வரை, பேக்கேஜ்கள் நிறுவப்படும் வரிசைப்படி ஒதுக்கப்படுகின்றன. புதிய நிறுவலில் வரிசை மாறினால் எண்ணும் மாறும். பழைய கடவுச்சொல் கோப்பை மேலே வைத்தால் ஒரு சேவையின் தரவுக் கோப்புறை இன்னொரு சேவைக்குச் சொந்தமாகிவிடும். பிழைச் செய்தியைப் பார்த்து இந்தக் காரணத்தை ஊகிப்பது கடினம். பயனர்களைப் புதிதாக உருவாக்கி, கடவுச்சொல் சுருக்கத்தை மட்டும் எடுத்துப் பொருத்துவதுதான் பாதுகாப்பு. கணினியின் அடையாள எண் கோப்பான 'மெஷின் ஐடி'யையும் இரண்டு கணினிகளில் ஒன்றாக வைக்கக்கூடாது.

பதிப்பு மாறியிருந்தால் கோப்பைவிட வேறுபாடுதான் மதிப்புள்ளது. பழைய மூலம், நீங்கள் திருத்தியது, இரண்டுக்கும் இடையிலான டிஃப் ஆகிய மூன்றையும் காப்பில் வைத்திருந்தால், அந்த டிஃபைப் புதிய மூலத்தின்மேல் 'பேட்ச்' கட்டளையால் பொருத்தலாம். முதலில் 'ட்ரை ரன்' விருப்பத்தோடு ஓட்டிப் பாருங்கள். பொருந்தாத பகுதிகள் தனியே தெரியும், அங்கே மட்டும் கையால் எழுதுங்கள். புதிய பதிப்பு ஒரு வரியையே நீக்கியிருந்தால் உங்கள் திருத்தத்துக்கு இனி தேவை இருக்கிறதா என்று யோசிக்க அதுவே வாய்ப்பு. புதுப்பித்தலுக்குப் பிறகு புதிய மூலங்களாக ஆங்காங்கே கிடக்கும் டெபியனின் 'டிபிகேஜி டிஸ்ட்', ஆர்ச்சின் 'பேக்நியூ', ஆல்பைனின் 'ஏபிகே நியூ' கோப்புகளையும் இதே முறையில் அவ்வப்போது தீர்த்துவிடுங்கள். சேர்த்து வைத்தால் அது கடன்போல் வளரும்.

காப்பை அதே வட்டில், அதே மெமரி கார்டில் வைப்பது கணக்கில் சேராது. ஈடிசியின் மூட்டை சில மெகாபைட்டுகளைத் தாண்டுவது அரிது. ஆகவே ஒவ்வொரு முறையும் முழுமையாக எடுத்து, கணினியின் பெயரும் தேதியும் இட்டு வேறு ஊடகத்தில் வைக்கலாம். மாற்றம் செய்த நாளிலேயே எடுங்கள், மாற்றாத மாதத்தில் எடுக்க வேண்டியதில்லை. எடுத்த பிறகு மூட்டையைத் தற்காலிகக் கோப்புறை ஒன்றில் பிரித்து, 'டிஃப்' கட்டளையின் 'ஆர்' விருப்பத்தால் ஓடிக்கொண்டிருக்கும் ஈடிசியோடு ஒப்பிடுங்கள். வாய்ப்பிருந்தால் மெய்நிகர்க் கணினியிலோ இன்னொரு மெமரி கார்டிலோ வெறும் நிறுவல் செய்து, பேக்கேஜ் பட்டியலைக் கொடுத்து நிறுவி, திருத்தங்களைப் பொருத்திப் பாருங்கள். எந்தக் கோப்பு பட்டியலில் விடுபட்டது என்பது முதல் தொடக்கத்திலேயே தெரிந்துவிடும். உங்கள் வழங்கலின் பெயரையும், டெப்சம்ஸ் அல்லது அதற்கு நிகரான கட்டளை தரும் பட்டியலையும் கடவுச்சொற்களை நீக்கிவிட்டு எழுதினால், எதை வைக்கலாம், எதை விடலாம் என்று கோப்பு கோப்பாகப் பார்த்துச் சொல்கிறேன்.